ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. வெறும் நூலறிவு வாழ்க்கைக்குப் பயன்படாது என்பதை இடித்துரைக்க நம் முன்னோர் கண்ட உவமை அது. நூலறிவையே நம்பிப் பல்கலைக்கழகத்தில் காலம் கழிக்கும் நம்மைப் போன்றோரைக் கண்டால் ஊர்ப் பெரியவர்களுக்கு இப்பழமொழிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் இதனை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏட்டில் எழுதிய சுரைக்காய் கறிக்கு உதவும். எழுதாமல் விட்ட சுரைக்காய்தான் ஒரு தலைமுறைக்குப் பின் எவருக்கும் உதவாமல் போகும். அப்படியானால் எவருடைய தோட்டத்துச் சுரைக்காய் ஏட்டில் ஏறியது, எவருடையது ஏறவில்லை? நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. சமையல் நூல்களைப் பற்றியும் சாலையோரச் சிற்றுண்டிக் கடைகளைப் பற்றியும் நான் இங்கே எழுத முற்பட்டதும் இக்கேள்வியை முன்னிட்டே.

நான் வேதியியலில் முதுகலை பயில்பவன். தங்கியிருப்பது வாடகை அறை. சமைப்பது நானே. என் மேசைமீது பாடநூல்களுக்கு நடுவே சமையல் நூல்கள் இரண்டு மூன்று கிடப்பதைக் கண்டு நண்பர்கள் நகைப்பதுண்டு. "ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை?" என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு சொல். சமையலுக்கு நூல் உண்டு என்பது நம் இலக்கியம் அறிந்த செய்தி. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் உணவு, வீமன் செய்த மடைநூலின் நெறி தவறாமல் சமைத்தது என்று கூறப்படுகிறது. மணிமேகலையோ, நாடக மகளிர் கற்றுத் தேறவேண்டிய கலைகளுள் மடைநூலையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் நாம் இன்றும் சொல்கிறோம். இருவரும் ஆண்களே, இருவரும் அரச குலத்தவரே. நாள்தோறும் புகையில் கண் கலங்கச் சமைத்த பெண்களுள் எவர் பெயராலும் ஒரு பாகம் வழங்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சமையல் நூலைப் படிப்பது தனி இன்பம். பசியோடு படித்தால் ஒருவகை இன்பம். பசியாறிய பின் படித்தால் வேறுவகை இன்பம். கடுகு வெடிக்கும் ஓசையும் பெருங்காயம் பொரியும் மணமும் வெறும் எழுத்திலிருந்து எழுந்து வருவது விந்தையன்றோ? என் தாய் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய நூல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. 1951ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த நூல் அது. இளமையிலேயே கணவரை இழந்தவர் அந்த அம்மையார். உறவினர் பலரும் அவரிடம் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டே இருந்தனர். இதனை நூலாகவே எழுதிவிடலாமே என்று தூண்டியவர், அவருடைய உறவினரும் வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நூல் வீடுதோறும் புழங்குகிறது. கடல் கடந்து சென்ற தமிழர் பெட்டிகளில் துணிமணிகளோடு அதுவும் பயணம் செய்தது.

விஞ்ஞான மாணவனாகிய என்னைக் கவர்ந்தது அதன் பெயர். 'இவ்வாறே உண்' என்று அது கட்டளையிடவில்லை. 'நான் சொல்வதை நம்பு' என்றும் சொல்லவில்லை. 'சமைத்துப் பார்' என்கிறது. சோதனைச்சாலையில் எங்கள் ஆசிரியர்கள் நாள்தோறும் எங்களுக்குக் கூறுவதும் இதுதான். ஒருவர் ஓரிடத்தில் செய்ததை மற்றொருவர் வேறோர் இடத்தில் அதே அளவுகளோடு செய்து அதே முடிவைக் காணவேண்டும். அதுவே விஞ்ஞானத்தின் உயிர்நாடி. நல்ல சமையல் குறிப்பும் அத்தகையதே. 'கைப்பக்குவம்' என்று சொல்லி மூடிவைத்த கதவை அளவும் நேரமும் எழுதித் திறந்துவிட்டார் அந்த அம்மையார். அந்நூல் எழுந்த நாளில் நம் அடுக்களைகளில் ஆழாக்கும் பலமும் வீசையும் வழங்கின. மெட்ரிக் அளவைகள் 1958ஆம் ஆண்டு முதற்கொண்டே படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அளவை மாறிற்று, அளந்து எழுதவேண்டும் என்ற நெறி மாறவில்லை.

நூல் தரும் இன்பம் இது என்றால், கடை தரும் இன்பம் வேறு.

பாலக்காட்டிலிருந்து கோவை செல்லும் வழியில், எலப்புள்ளியை அடுத்து, இராமசேரி என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூர் இட்டலியைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். தட்டையாக, மெல்லியதாக, சிறு தோசையோ என்று ஐயுறுமாறு இருக்கும். தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறிய முதலியார் குடும்பத்தினர் செய்வது அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. மண்பானையில் நீர் கொதிக்கிறது. அதன்மேல் நூற்கயிறு வலையாகக் கட்டிய மண்வளையம். வலைமீது ஈரத்துணி. துணிமீது மாவு. மேலே மற்றொரு பானையைக் கவிழ்த்து மூடி விறகடுப்பில் அவிக்கிறார்கள். மிளகாய்ப் பொடியும் தேங்காய் எண்ணெயும் தொட்டுக்கொண்டால், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றும். மாவு மெல்லியதாகப் பரவியிருப்பதால் ஆவி விரைந்து ஊடுருவுகிறது. துணியும் மண்ணும் மிகுந்த ஈரத்தை வாங்கிக்கொள்கின்றன. எந்தப் பொறியியற் கல்லூரியிலும் பயிலாத பெண்கள் கண்ட பொறி அது.

கிழக்கே சென்றால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். கேரளத்தின் எல்லைக்குள் இருந்தும் தமிழ் ஒலிக்கும் ஊர்கள். மழை குறைந்த அந்தச் சித்தூர்ப் பகுதியில் கரிசல் மண்ணும் உண்டு. நிலக்கடலையும் சிறுதானியங்களும் அங்கே விளைந்தன. நான் பட்டப்படிப்புப் படித்த நாளில் அந்தச் சாலைகளின் கடைகளே எனக்கு இரண்டாம் கல்லூரி. ஒரே பலகையில் ஒருபுறம் புட்டும் கடலைக்கறியும். மறுபுறம் தோசையும் நிலக்கடலைச் சட்டினியும். "சேட்டா, ஒரு சாயா" என்று ஒருவர் கேட்பார். "அண்ணே, ஒரு டீ" என்று அடுத்தவர் கேட்பார். இருவருக்கும் ஒரே கெட்டிலிலிருந்து ஊற்றுவார் கடைக்காரர். நாட்டை ஆள்வோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்தக் கெட்டிலில் இருக்கிறது.

தெற்கே இடுக்கி மலை என் சொந்த ஊர்ப்பக்கம். என் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறியவர். இன்றும் விடியுமுன் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் ஏலக்காய் பறிக்க வருகிறார்கள். கையில் தூக்குவாளி. உள்ளே புளிச்சோறு, அல்லது மோர்விட்ட பழைய சோறு. வழியில் ஒரு கடையில் கட்டன் சாயாவும் பருப்பு வடையும். அந்த வடையைப் போல் மொறுமொறுப்பான வடையை நகரத்துப் பெரிய உணவகங்களில் நான் கண்டதில்லை. காரணம் எளிது. மலைக்குளிரில் அது ஆறும்முன் விற்றுப்போகிறது.

இனி, நூலும் கடையும் எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்போம்.

மூணாறு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 பாகையில் கொதிக்கும் நீர் மூணாற்றில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். நீர் குமிழியிட்டுக் கொதிக்கும், பருப்போ வேகாது. கடற்கரை நகரத்தில் இருந்து எழுதிய நூல் 'அரை மணி நேரம் வேகவிடவும்' என்று சொன்னால், அந்த அரை மணி மலைக்குப் பொருந்தாது. இட்டலி மாவும் அப்படியே. மாவைப் பொங்கச் செய்வது 'லியூக்கனோஸ்டாக்' முதலிய நுண்ணுயிர்கள். அவை வெளிவிடும் கரியமில வாயுவை உளுந்தின் பசைத்தன்மை பிடித்துவைத்துக்கொள்கிறது. தை மாதக் குளிரில் மலையில் அந்த நுண்ணுயிர்கள் சோம்பிக் கிடக்கும். 'இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்' என்ற வாக்கியம் அங்கே பொய்க்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் மாவுப் பானையைச் சாக்கில் சுற்றி, அணைந்த அடுப்பின் கதகதப்பில் வைப்பார்கள். முதல்நாள் மாவில் ஒரு கரண்டியை எடுத்துவைத்துப் புதுமாவில் கலப்பார்கள். இதனை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. அடுப்படியில் கண்டு அறிந்ததே.

உயரம் மட்டுமன்று, எல்லையும் ஒரு சிக்கல். கடைகளில் 'தமிழ்நாட்டுச் சமையல்' என்று ஒரு நூல் கிடைக்கிறது. 'கேரளச் சமையல்' என்று ஒரு நூல் கிடைக்கிறது. எங்கள் வீட்டு மரவள்ளிக்கிழங்குப் புளிக்குழம்பு இரண்டிலும் இல்லை. கிழங்கு கேரளத்தின் செல்வம்; 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனைப் பயிரிட ஊக்குவித்தார் என்பது வரலாறு. புளிக்குழம்போ கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பாட்டி கொண்டுவந்தது. இரண்டும் ஒரு சட்டியில் சேர்ந்தன. கிழங்கை நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டே குழம்பில் இடவேண்டும் என்பது எங்கள் வீட்டில் மீறக்கூடாத விதி. அந்த விதியின் பொருள் எனக்கு வேதியியல் வகுப்பில் விளங்கிற்று. மரவள்ளியில் 'லினமரின்' என்னும் பொருள் உண்டு. அது சிதைந்தால் நச்சான ஹைடிரஜன் சயனைடு தோன்றும். திறந்த பாத்திரத்தில் அது ஆவியாகிப் போகிறது. எஞ்சியது கொட்டும் நீரோடு போகிறது. பாட்டிக்கு லினமரின் என்ற பெயர் தெரியாது. பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரியும்.

1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. கோடு போட்டவர்கள் நிலத்தின்மீது கோடு போட்டார்கள். அது எங்கள் அடுப்பின் குறுக்கேயும் ஓடிற்று. இந்தப்பக்கம் எங்களைப் 'பாண்டி' என்பார் உண்டு. அந்தப்பக்கம் போனால் 'மலையாளத்தான்' என்பார் உண்டு. இரண்டு அட்டைகளுக்கும் நடுவே, எந்தப் பக்கத்திலும் அச்சேறாமல் விழுந்துகிடக்கும் அடுக்களை எங்களுடையது.

இவ்வளவும் சொன்ன பின், சைவ உணவு உண்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நம் நகரங்களில் 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகையை நாம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். உயர்தரம் என்றால் என்ன? அரிசி உயர்ந்ததா? எண்ணெய் உயர்ந்ததா? அல்லது உண்பவன் பிறரினும் உயர்ந்தவன் என்பது பொருளா? அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒருகாலத்தில் காப்பி கிளப்புகளில் சாதிக்கோர் இடம் இருந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த சாதிச் சொல்லை நீக்கவேண்டிப் பெரியார் மறியல் நடத்தவேண்டியிருந்தது. பாலக்காட்டிலேயே, 1924இல் கல்பாத்தித் தெருவில் நடப்பதற்கு உரிமை வேண்டி ஈழவ மக்கள் கிளர்ந்தெழ வேண்டியிருந்தது. அத்தெரு வீடுகளின் மொளகூட்டலும் ஓலனும் அரைச்சுக்கலக்கியும் சுவை மிக்கவை; நானும் விரும்பிச் சமைக்கிறேன். ஆனால் தெருவிலேயே நடக்க முடியாதவன் அந்தச் சுவையை எங்ஙனம் அறிந்திருப்பான்? மீனாட்சி அம்மாளைப் போன்றோரின் நூல்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு நற்பணி செய்தன. அடைத்த கதவுக்குப் பின்னால் இருந்த சமையலை, காசு கொடுத்து நூல் வாங்கிய எவரும் செய்துபார்க்கலாம் என்றாக்கின. இது சிறிய புரட்சியன்று.

எங்கள் குடும்பம் புலால் மறுத்தது சாதியால் அன்று, வள்ளலார் வழியால். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி பாராமல், சமயம் பாராமல், பசி ஒன்றையே பார்த்துச் சோறிடும் அடுப்பு அது. புலால் உண்பவனை வாசலில் நிறுத்துவது சைவம் அன்று. பசித்தவன் எவனாயினும் உள்ளே அழைப்பதே சைவம் என்று அந்த அடுப்பு நமக்குக் கற்பிக்கிறது. 1917இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் ஐயப்பன், கீழ்ச்சாதியார் என்று ஒதுக்கப்பட்டவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு காட்டினார். வடலூரும் செறாயியும் நமக்கு அண்மையிலேயே இருக்கின்றன. ஆகவே, மீனும் மாட்டிறைச்சியும் விற்கும் மலைக்கடையில் அமர்ந்து புட்டும் கடலையும் உண்பதற்கு நான் கூசுவதில்லை. "சைவமா?" என்று கேட்டு, எனக்கென்று தனிக்கரண்டி கழுவிப் பரிமாறும் அந்தக் கடைக்காரரின் பண்பே உயர்தரம். பலகையில் எழுதுவது அன்று.

"நாட்டில் எத்தனையோ சிக்கல்கள் இருக்க, நீ சோற்றைப் பற்றி எழுத வந்துவிட்டாயே!" என்று சில நண்பர்கள் கேட்கலாம். வீட்டுமனை, சாதிச் சான்றிதழ், தமிழ்வழிப் பள்ளி என்று எல்லைத் தமிழர் குறைகள் பல. அவற்றை நான் மறக்கவில்லை. ஆனால் சோறு அவற்றினின்று விலகி நிற்பதா? 2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள் கூலிக்காகவும் போனசுக்காகவும் வீதியில் வந்து அமர்ந்தார்கள். 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரை நாடே உச்சரித்தது. நாள் கூலி எவ்வளவு என்று அன்று செய்தியாளர் கேட்டனர், நாமும் கேட்டோம். அந்தக் கூலியில் உலையில் என்ன கொதித்தது, காய்க்கு வழியில்லாத வாரக் கடைசியில் எதைக் கொண்டு குழம்பு வைத்தார்கள் என்று கேட்டோமா? கூலிக் கணக்கைவிட உண்மையான கணக்கு அந்தச் சட்டிக்குள் இருக்கிறது. வறுமையில் ருசி காண்பது எளிதன்று. ஒரு கைப்பிடிப் பருப்பில் எட்டுப்பேருக்குக் குழம்பு வைப்பவள், கருவிகளில் பாதி இல்லாத சோதனைச்சாலையில் முழுச் சோதனையும் செய்து முடிப்பவள்.

"இப்போதுதான் ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆயிரம் சமையல் படங்கள் ஓடுகின்றனவே, இனி நூல் எதற்கு?" என்பது மற்றொரு கேள்வி. படம் காட்டும், ஆனால் எது பார்ப்போரை ஈர்க்குமோ அதையே காட்டும். இராமசேரி இட்டலியைப் படம் பிடிக்க வெளியூரிலிருந்து பலர் வருகிறார்கள்; பானையிலிருந்து ஆவி எழுவதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அரிசி என்ன அரிசி? உளுந்து எவ்வளவு? எத்தனை நாழிகை புளித்தது? அந்த மண்வளையத்தை வனைவது யார்? அவருடைய மகன் சக்கரத்தில் அமர்கிறானா, வேறு வேலைக்குப் போய்விட்டானா? இவை படத்தில் வருவதில்லை. இன்று அவ்வூரில் அந்த இட்டலியைச் செய்யும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. குயவர் சக்கரம் நின்றால் வளையம் இல்லை. வளையம் இல்லையேல் இட்டலி இல்லை. பெயர் மட்டும் எஞ்சும். எவரோ இயந்திரத்தில் அவித்து, அதே பெயரை ஒட்டி விற்பர்.

அரசாங்கத்தின் ஏட்டையும் பாருங்கள். மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தளூர் வட்டவடைப் பூண்டிற்கும் கிடைத்தது. இரண்டும் தமிழ் பேசும் உழவர் பலர் வாழும் ஊர்கள். மகிழ்ச்சியே. ஆனால் பூண்டிற்குப் பதிவேடு உண்டு. பூண்டுக் குழம்பிற்கு இல்லை. சர்க்கரைக்கு முத்திரை உண்டு. அதை இட்டுக் கிளறிய களிக்கு இல்லை. விற்கும் பொருளுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. வீட்டிலே வழங்கும் அறிவுக்குக் காவல் நிற்பவர் யார்?

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. எழுபது உயிர்கள் மடிந்தன. பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். உயிர்களின் இழப்புக்கு முன் வேறெதையும் வைத்துப் பேசுவது தகாது. ஆயினும், பாட்டியும் தாயும் மகளும் ஒரே இரவில் மறைந்த வீட்டில், அந்த வீட்டுக் குழம்பு எப்படி இருந்தது என்று சொல்ல இன்று எவர் இருக்கிறார்? தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்கு மட்டுமே வந்த அறிவு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த இரவு காட்டிற்று.

இதற்கு என் செய்வது? வழி தொலைவில் இல்லை. இத்தாலி நாட்டில் பெல்லெகிரினோ ஆர்தூசி என்றொரு வணிகர் இருந்தார். இத்தாலி ஒரே நாடாக இணைந்து நெடுங்காலம் ஆகாத நேரம். ஊருக்கு ஊர் பேச்சு வேறு, சமையலும் வேறு. 1891இல் அவர் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை அச்சிட்டார். 'அடுக்களையில் விஞ்ஞானம்' என்ற பொருளில் தொடங்குவது அதன் தலைப்பு. முதற் பதிப்பில் இருந்தவை 475 குறிப்புகள். நூலைப் படித்த பெண்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கடிதம் எழுதினார்கள். எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம் என்று தெரிவித்தார்கள். அவர் சமைத்துப் பார்த்துச் சேர்த்தார். இறுதியில் குறிப்புகள் 790 ஆயின. ஒருவர் தொடங்கிய நூலை ஒரு நாடே எழுதி முடித்தது எனலாம். நம் நாட்டைப் பற்றி அருச்சுன் அப்பாதுரை என்னும் அறிஞர் 1988இல் எழுதிய ஆய்வுரையும் இங்கே நினைக்கத்தக்கது. இந்தியச் சமையல் என்று இன்று நாம் சொல்வதை உருவாக்கியதில் நகரத்து நடுத்தர மக்களின் நூல்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்று அவர் காட்டினார். எழுதுகிறவன் எவனோ அவன் சமையலே நாட்டின் சமையல் ஆகிறது. அப்படியாயின், நாம் ஏன் எழுதக்கூடாது?

நம் தமிழ் மன்றத்தில் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் இடுக்கி மலையிலிருந்தும் வந்தோர் பலர் இருக்கிறோம். ஆண்டுதோறும் முத்தமிழ் விழா நடத்துகிறோம். பட்டிமன்றத்தில் கண்ணகியா மாதவியா என்று தொண்டை வறள வாதிடுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனோடு, வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சமையற் குறிப்பை எழுதிவருவோம் என்பதே என் வேண்டுகோள். விருந்துச் சமையல் வேண்டாம். சாதாரண நாளில் வீட்டிலோ, பக்கத்து டீக்கடையிலோ செய்வதே போதும். சைவ உணவோடு நான் தொடங்குகிறேன். மற்ற நண்பர்கள் தத்தம் வீட்டு மீன்குழம்பையும் எழுதட்டும்.

எழுதும்போது சோதனைச்சாலைக் குறிப்பேட்டின் ஒழுங்கு வேண்டும். 'தேவையான அளவு உப்பு' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளக்கூடாது. அம்மா கையால் அள்ளிப் போடுவதை அவர் போடுமுன் வாங்கித் தராசில் நிறுத்துக் குறிக்கவேண்டும். எந்த ஊர், ஏறத்தாழ எவ்வளவு உயரம், எந்த மாதம் என்று எழுதவேண்டும். விறகா, எரிவாயுவா, மண்சட்டியா, பிரஷர் குக்கரா என்று எழுதவேண்டும். அப்பொருளுக்கு அவ்வூரில் வழங்கும் சொல்லையே எழுதவேண்டும். கப்பை என்பாரும் மரவள்ளி என்பாரும் குச்சிக்கிழங்கு என்பாரும் ஒரே கிழங்கையே சொல்கிறார்கள் என்பதை அகராதி அறியட்டும். யாரிடம் கற்றார்கள், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால், குடியேற்றத்தின் வரலாறே குழம்பின் வழியாக வெளிவரும். எல்லாவற்றுக்கும் மேலாக, சமைத்தவர் இசைந்தால் அவர் பெயரைத் தலைப்பிலேயே போடவேண்டும். நளனுக்கும் வீமனுக்கும் கிடைத்த பெருமை, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிய ஒரு தாய்க்கும் கிடைக்கட்டும். கடையில் கேட்கும்போது இன்னொரு கடமையும் உண்டு. அதுவே அவர்கள் பிழைப்பு. சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்கலாகாது. சொன்னதற்கு நன்றியாக ஒரு பிரதியையேனும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

முப்பது பேர் எழுதினால் முப்பது குறிப்பு. அடுத்த ஆண்டு வருவோர் அதைச் சமைத்துப் பார்த்துத் திருத்துவர், புதியவற்றைச் சேர்ப்பர். பத்தாண்டில் தமிழகத்து நூலும் அன்று, கேரளத்து நூலும் அன்று என்று சொல்லத்தக்க, எல்லையின் சொந்த நூல் ஒன்று நம் மன்றத்தின் பெயரால் எழும். பேராசிரியர் எவரும் நமக்கு இதனைப் பாடமாக வைக்கமாட்டார், மதிப்பெண்ணும் கிடைக்காது. ஆனால் நம் பெற்றோர் தாம் கற்காத எழுத்தை நமக்குக் கற்பித்தார்களே, அதற்கு நாம் செலுத்தும் வட்டியில் ஒரு சிறு பகுதியாவது தீரும்.

தராசு ஒன்று, குறிப்பேடு ஒன்று, கேட்கும் செவி இரண்டு. இவை போதும். நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். அடுக்களைக்குள் சென்று, எழுதுங்கள். ஏட்டில் ஏறினால் நம் தோட்டத்துச் சுரைக்காயும் நாளை எவருடைய கறிக்கேனும் உதவும்.